இருநூறு மீட்டருக்கு எந்தக் குண்டு?

சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு காற்றாலையின் அடியில் நின்று, மேலே ஏறுவதற்காக இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். இலஞ்சியிலிருந்து கோமதி அம்மாவின் கணவர் ஆறுமுகம் அழைத்தார். “அண்ணாச்சி, கோமதி போயிட்டா” என்றார். கூட வேலை பார்த்தவர்களிடம் என்ன சொன்னேன், எப்படி பைக்கை எடுத்தேன் என்பதெல்லாம் நினைவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வீட்டு வாசலில் தென்காசி கோர்ட்டே திரண்டு நின்றது.

வந்திருந்தவர்களுக்கு அவர் வழக்கறிஞர் கோமதி. சொத்து வழக்கு என்றால் ஊரில் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். எதிர்த்தரப்பு பேசி முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார். திறந்தால் எதிர்த்தரப்பு அன்றைக்கு மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். அதே கோமதி அம்மா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் குப்புறப் படுத்து, இருநூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் காகித வட்டத்தைக் குறிபார்த்து ரைபிள் சுடுவார் என்பது அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அந்தக் கோமதி அம்மாவைத்தான் தெரியும். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை என்பதால் எழுதுகிறேன். அழாமல் எழுதுகிறேன் என்று சொல்லமாட்டேன்.

அந்த ரைபிள் அவருடைய அப்பாவுடையது. மலையடிவாரத் தென்னந்தோப்பில் பன்றி புகாமலிருக்க, பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் அதை விற்றுவிடச் சொன்னார்கள். கோமதி அம்மா ஆபீஸ் ஆபீஸாக அலைந்து லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, எங்கள் ரைபிள் க்ளப்பில் வந்து சேர்ந்தார். காவல்துறையின் சுடுதளத்தை அனுமதி வாங்கிப் பயன்படுத்தும் சின்ன க்ளப் அது. முதல் நாள் எங்கள் செயலாளர் அக்கறையாக, சின்ன ரைபிளில் தொடங்கலாமே, இது தோளில் பலமாக உதைக்கும் என்றார். “எங்கப்பாட்ட வாங்காத உதையா சார்” என்று சொல்லிவிட்டுப் படுத்தார். செயலாளர் அதன்பிறகு யாருக்கும் அந்த யோசனையைச் சொல்லவில்லை.

இரட்டையர் போட்டியில் ஒருவர் சுட வேண்டும், மற்றவர் டெலஸ்கோப்பில் காற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காற்றாலையில் வேலை பார்க்கிறவருக்குக் காற்று தெரியாமலா இருக்கும் என்று என்னைக் கேட்காமலேயே தன் ஜோடியாக்கிக்கொண்டார்.

தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள். ஒரே துப்பாக்கிக்குப் பல எடைகளில் குண்டு கிடைக்கும். கோமதி அம்மா அப்பாவின் வழக்கப்படி நூற்றியெண்பது கிரெய்ன் போட்டுவந்தார். நானும் அந்தக் கட்சிதான். சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளும், லேசான குண்டை விட்டுவைக்குமா? கனமான குண்டு தன் பாதையை அவ்வளவு எளிதில் விடாது.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூற்றைம்பது கிரெய்ன் பெட்டியோடு வந்து நின்றார். எனக்கு அது ஒப்பவில்லை. அன்று மதியம் பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கு உட்கார்ந்தபோது க்ளப் முழுவதையும் வைத்து வாதாடினார். ஐந்நூறு அறுநூறு மீட்டர் என்றால் தானும் கனத்தின் பக்கம்தான் என்றார். இருநூறு மீட்டரில், காற்று பிடித்துத் தள்ளுவதற்குள் லேசான குண்டு வேகமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரண்டு எடைக்கும் நடுவே காற்று செய்யும் வித்தியாசம் ஒரு விரல் அகலத்துக்கு மேல் போகாது. ஆனால் கனமான குண்டின் உதையை வாங்கி வாங்கி, போகப் போக உடம்பு தானாகவே சுருங்கத் தொடங்கும். விரல் அகலத்தை மிச்சம்பிடிக்கப் போய் ஒரு சாணைக் கோட்டைவிடுவதா என்று கேட்டார்.

“குண்டு நேராப் போனா மட்டும் போதுமா அண்ணாச்சி? சுடுத ஆளும் நேரா இருக்கணும்லா” என்றார் கடைசியாக. பரோட்டா ஆறிப்போனதுதான் மிச்சம். அடுத்த சில மாதங்களில் க்ளப்பே நூற்றைம்பதுக்கு மாறிவிட்டது. அவருடைய சுடுதலும் முன்னைவிடத் தேறியது. நான் மட்டும் பிடிவாதமாகக் கனத்திலேயே இருந்தேன். எங்கே பார்த்தாலும், அண்ணாச்சி இன்னும் அப்பீலுக்குப் போகவில்லையா என்று கேலி செய்வார்.

அதன்பிறகு அவர் நூற்றிருபத்தைந்துக்கு இறங்கினார். அதுவும் உதை குறைவாக இருப்பதற்கென்றே வெடிமருந்தைக் குறைத்துச் செய்கிற தோட்டா. வேகமும் இல்லை, எடையும் இல்லை. எங்கள் காற்றில் அது நிற்கவே நிற்காது. குண்டுகள் ஆளுக்கொரு பக்கம் போயின. அவர் பரோட்டாக் கடையில் சொன்ன நியாயம் எதுவும் இதற்குப் பொருந்தாதே என்று கேட்டேன். முதல்முறையாக அவர் எதிர்வாதம் செய்யவில்லை. துப்பாக்கியைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் கணவர் ஆறுமுகமும் கூட வந்திருந்தார். இலஞ்சியில் உரக்கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். அன்று என்னைத் தனியாக ஓரத்துக்கு அழைத்துப் போனார்.

“நூத்தைம்பதுக்கு மாறுனப்பமே ஆபரேஷன் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. வலது மார்புல கட்டி. இப்பம் திரும்பவும் வந்திருக்கு. ஒங்ககிட்ட சொன்னா துப்பாக்கியத் தொடவிட மாட்டியன்னு என் வாயக் கட்டிப்போட்டா.”

ஒரு க்ளப்பையே வாதாடி ஜெயித்தவர், தோள் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் அவர் அன்று சொன்ன கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. இருநூறு மீட்டருக்கு நூற்றைம்பது போதும்தான். வலியை மறைக்க ஒரு பொய்யைக்கூடத் துணைக்கு அழைக்காத மனுஷி.

அந்த வருடச் சாரல் போட்டிக்குப் பக்கத்து மாவட்டக் க்ளப்புகளும் வந்திருந்தன. அதில் சுட்டே தீருவேன் என்று நின்றார். நான் தடுப்பேன் என்று ஆறுமுகம் நம்பியிருந்தார். தடுக்கத்தான் போனேன். “நீங்க காத்தப் பாருங்க, நான் தோளப் பாத்துக்கிடுதேன்” என்று அவர் சொன்னதும் அவர் பக்கத்தில் டெலஸ்கோப்பை நிறுத்தினேன்.

லேசான குண்டு என்பதால், காற்று தணியும் நேரத்துக்காக ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருந்தது. சாரல் மைதானத்தைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, தணிந்ததும் சொல்வேன். அவர் சுடுவார். ஒவ்வொரு தடவையும் அவருடைய பற்கள் கடிபடுவது பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. கடைசிக் குண்டுக்கு முன் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். போதும் அம்மா, எழுந்திருங்கள் என்றேன். கண்ணைத் திறக்காமலே காற்று எப்படி என்று கேட்டார். குறைகிறது என்றேன். சுட்டார். நடுவட்டத்தை ஒட்டி விழுந்தது. பரிசு ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்று வீடு போகும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எந்த வழக்கு ஜெயித்தபோதும் பார்த்ததில்லை என்று ஆறுமுகம் சொன்னார்.

கடைசியாக அவரைப் பார்த்தது இலஞ்சி வீட்டில். கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். கோர்ட்டை அதிரவைத்த குரல் பக்கத்தில் குனிந்தால்தான் கேட்டது.

“அடுத்த சாரலுக்கு நூத்தியெண்பதுதான் அண்ணாச்சி. தோள் தேறிடும். நான் ஒங்க கட்சிக்கே வந்துருதேன்” என்றார்.

நான் உடனே மறுத்துப் பேசத் தொடங்கினேன். இருநூறு மீட்டருக்குக் கனம் எதற்கு, வித்தியாசம் ஒரு விரல் அகலம்தானே என்று அவர் வாதத்தையே அவரிடம் ஒப்பித்தேன்.

“இத்தன வருஷம் கழிச்சு இப்பமா ஒத்துக்கிடுதிய?” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ஆறுமுகம் ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, லைசென்ஸ்காரர் இறந்துபோனதால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஆறுமுகத்துக்குத் துணையாக நானும் போனேன். ஏட்டையா துப்பாக்கியைக் குறித்துக்கொண்டு தோட்டாப் பையைத் திறந்தார். மேலாக ஒரு புதுப் பெட்டி இருந்தது. நூற்றியெண்பது கிரெய்ன். பிரிக்கவே இல்லை. இது எப்போது வாங்கியது என்று ஆறுமுகத்திடம் கேட்டேன்.

“இனி வைத்தியம் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு திருநெல்வேலி ஆஸ்பத்திரில சொன்னாவல்லா, அன்னைக்குத்தான். திரும்பி வரும்போது துப்பாக்கிக் கடை முன்னால கார நிறுத்தச் சொன்னா. அவளே எறங்கிப் போய் வாங்குனா” என்றார். பிறகு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

ஏட்டையா என்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

வக்கீலம்மா, அன்றைக்கு உங்கள் கட்டிலருகே நான் பேசியது வாதமே இல்லை. அந்தத் தோள் இன்னும் ஒரு தடவை வலிக்கக் கூடாது என்ற ஆசை, அவ்வளவுதான். இனி வலிக்காது. போய் வாருங்கள் அம்மா. நூற்றியெண்பதே போட்டுக்கொள்ளுங்கள்.