சங்ககிரிக்கு முன்னால் நின்ற அம்பாசிடர்

அப்பாவின் பழைய அம்பாசிடரில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வைத்தவன் நான். இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் முதல் எல்லாமே இனி பேட்டரி கரண்டில்தான் ஓடும். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோ அதற்கு ஈடுகொடுக்காது என்று மெக்கானிக் சொன்னார். பானெட்டைத் திறந்தால் அது ஒன்றாவது பழசாகத் தெரியட்டும் என்று விட்டுவைத்தேன்.

அன்று மதியம் அப்பாவுக்கு மூச்சு முட்டியது. பின்சீட்டில் உட்காரவைத்துச் சங்ககிரி ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். பாதி வழியில் பேட்டரி இறங்கி வண்டி நின்றுவிட்டது.

"தள்ளுனாப் புடிச்சுக்கும் சாமி," என்றார் அப்பா, திணறலுக்கு நடுவே. கார்புரேட்டர் இருந்தபோது பிடித்துக்கொள்ளும். இப்போது பேட்டரி இல்லாமல் பெட்ரோலே ஏறாது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன் போட்டால், ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். நடுரோட்டில் போகிற வண்டிகளையெல்லாம் கும்பிட்டேன்.

ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து அப்பாவைப் பார்த்தார். "இந்த நெலமைல இவர கேபின்ல ஏத்த முடியாதுங்க. நீங்க ஸ்டியரிங்கப் புடிங்க," என்றவர், தார்ப்பாய் கட்டும் கயிற்றால் காரை லாரியோடு பிணைத்தார்.

கார் அசைந்தது. கண்ணை மூடியிருந்த அப்பா கேட்டார்: "புடிச்சுக்கிச்சா சாமி?"

"புடிச்சுக்கிச்சுங்கப்பா," என்றேன்.

அப்பா பிழைத்துவிட்டார். தள்ளியதும் வண்டி ஸ்டார்ட் ஆன கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். நானும் ஆமாம் போடுகிறேன். டைனமோவை மாற்றிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் விட்டுப்போன கயிறு மட்டும், அப்பா கண்ணில் படாமல், டிக்கியில் கிடக்கிறது.