ஈயத்தை மேலே ஏற்றிய யோகராணி

"கவிண்டால் நான்தானே கவிழுறது? நீங்கள் அந்த ரோல்ஸைத் தின்னுங்கோ."

இதைச் சொன்னபோது யோகராணி காருக்குக் கீழே கிடந்தாள். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள்தான். அந்தக் கால்களோடுதான் என் தம்பி தியாகலிங்கம் சண்டை பிடித்துக்கொண்டு நின்றான். பெண்சாதியின் முகத்தைப் பார்த்துச் சண்டை பிடிக்கிற தைரியம் அவனுக்குக் கலியாணம் கட்டிய நாளிலிருந்தே கிடையாது.

யோகராணிக்கு ஐம்பத்திரண்டு வயது. மொன்றியல் துறைமுகத்தில் கொன்ரெய்னர் இழுக்கிற லொறி ஓட்டுகிறாள். என் மனுசன் செத்த பிறகு நான் அவர்களோடுதான் இருக்கிறேன். அவளுடைய குறட்டைகூட எனக்குப் பாடம். ஆகையால் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு.

கலியாண ஸ்பொன்சரில் இங்கே வந்தவள். முதலில் கார்டெறி என்கிற ஒரு பிள்ளை பராமரிப்பு இடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் குண்டி கழுவினாள். பிறகு புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினாள். நாற்பத்தொரு வயதில் லொறி லைசென்ஸ் எடுத்தாள். பொம்பிளைக்கு ஏன் உந்த வேலை என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். அப்போது அவள் வாயைத் திறக்கவில்லை. அதே ஆட்கள் வீடு மாறுகிற நேரம் சாமான் ஏற்ற லொறி கேட்டு வந்தார்கள். அப்போது திறந்தாள். என்ன சொன்னாள் என்று எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள்.

போன வருசம் ஒரு பழைய எட்டுச் சிலிண்டர் காரை வாங்கி வந்து, மண் ஓடுதளத்தில் ரேஸ் ஓடப் போகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டேன். "துறைமுகத்திலை பத்து வருசமா வரிசையிலை நிக்கிறன் மச்சாள். ஒருநாளாவது முன்னுக்கு நிக்கிறவனை விலத்தி முந்திப் பாக்கோணும்" என்றாள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நான் வரிசையில் நின்ற இடங்களை நினைத்தால் எனக்கே ஒரு கார் வேண்டியிருக்கும்.

ஆனால் அவள் ஒருவனையும் விலத்தவில்லை. இந்த வருசம் ஏழு ஓட்டம் ஓடினாள். ஏழிலும் பாதியில் பின்பக்கம் வழுக்கி, பம்பரம் மாதிரிச் சுற்றி, புல்லுக்குள் போய் நின்றாள். ஒன்றையும் ஓடி முடிக்கவில்லை. தியாகலிங்கம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நாலு சில்லுக்குக் கீழும் ஒவ்வொரு தேசிக்காய் வைத்து நசித்தான், புதுக் காருக்குக் கோயிலில் செய்கிற மாதிரி. இருபத்தெட்டுத் தேசிக்காய் போனதுதான் மிச்சம்.

கடைசியில் அவன் ஒரு நிபந்தனை போட்டான். ஓட்டம் பார்க்கப் போட்டிருக்கிற பலகை வாங்கில் குந்திக் குந்தித் தனக்கு மூலம் வந்துவிட்டது. எட்டாவது ஓட்டத்தையும் முடிக்காவிட்டால் காரை விற்கவேண்டும் என்றான். அவளும் கோபத்தில் ஓம் என்றுவிட்டாள். சொன்ன சொல்லை மாற்றுகிறவள் அல்ல. அவளோடு துறைமுகத்தில் வேலை செய்கிற மன்னார் அன்டன் காரை வாங்க ஆயத்தமாக, டிரெயிலரையும் கொழுவிக்கொண்டு அன்றைக்கு வந்து நின்றான். நான் சுட்ட ரோல்ஸில் பாதியைத் தின்றவனும் அவன்தான்.

அது செப்டெம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. வெயிலும் காற்றும். காலையில் தண்ணீர் விட்ட மண், மத்தியானத்துக்குள் காய்ந்து, றயர் தேய்த்துத் தேய்த்துக் கறுத்து மினுங்கியது. மெழுகு பூசிய சீமெந்து நிலம் மாதிரி. இந்த மினுக்கத்தில்தான் எல்லாரும் வழுக்குவார்கள். முதலில் நடக்கிற சின்ன ஓட்டத்தில் யோகராணி மூன்றாம் சுற்றிலேயே சுழன்றாள். நிபந்தனைக் கணக்கில் வருகிற பெரிய ஓட்டத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கம்பி வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அடுத்த ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சிவப்புக் கார் ஒவ்வொரு வளைவிலும் குடிகாரன் மாதிரி வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. ஆனால் அது வழுக்கவில்லை. விறைப்பாக நேரே நின்ற கார்கள்தான் வழுக்கின.

திரும்பி வந்து என்னிடம், "நான் மடைச்சி மச்சாள்" என்றாள். ஏன் என்று பிறகு விளங்கப்படுத்தினாள்.

லொறிக்காரருக்கு ஒரே பயம் கவிழுகிறதுதான். பாரத்தைக் கீழே வை, இறுக்கிக் கட்டு, ஆடவிடாதே. பத்து வருசம் இதுதான் அவளுடைய வேதம். ரேஸ் கார் குறைந்தது இவ்வளவு நிறை இருக்கவேண்டும் என்று சட்டம். அதற்காக ஈயக் கட்டிகளைப் பூட்டுவார்கள். இவள் அந்த ஈயத்தைத் தளத்தோடு தளமாகப் பூட்டினாள். மே மாதம் ஓடிப் பழகின நேரம் கார் கொஞ்சம் சாய்ந்ததைக் கண்டு, பின் வலப்பக்கத்து மெத்தென்ற ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இரும்பு மாதிரி ஒன்றைப் போட்டாள். கார் கொன்ரெய்னர் போலவே அசையாமல் நின்றது. இடப்பக்கம் திரும்புகிற வளைவில் கார் சாய்ந்தால்தான் பாரம் போய் வலப்பக்கச் சில்லுகளை அழுத்தும். அழுத்தினால்தான் மினுங்குகிற மண்ணை றயர் பிடிக்கும். சாயவிடாமல் கட்டிவைத்துவிட்டு, ஏன் வழுக்குது என்று ஏழு ஓட்டமும் அழுதிருக்கிறாள்.

பழைய ஸ்பிரிங் இன்னும் காரை இழுத்து வந்த வண்டிக்குள்ளேயே கிடந்தது. அதைத் திரும்பப் பூட்டக் காருக்குக் கீழே பூந்தாள். ஈயத்தையும் மேலே, இருக்கைக்குப் பின்னால் இருக்கிற கம்பிக் கூட்டில் ஏற்றப்போகிறேன் என்று சொன்னதும் தியாகலிங்கத்துக்கு வேர்த்தது. பாரத்தை மேலே ஏற்றினால் கவிழும் என்று இத்தனை வருசம் சோற்றுக்கு முன்னால் இருந்து அவளே அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். அப்போதுதான் அந்த ரோல்ஸ் பேச்சு வந்தது.

ஈயம் தூக்க ஆள் வேண்டும். தம்பி ஒரு அரிசி மூட்டையே தூக்காதவன். யோகராணி கீழே கிடந்தபடியே, "அன்டன், உனக்கு வரப்போற கார்தானே, வந்து தூக்கு" என்றாள். மனுசன் மறுபேச்சில்லாமல் தூக்கினான். நான் ரோல்ஸ் பெட்டியின் மூடியில் ஆணிகளை ஏந்திக்கொண்டு நின்றேன். அவள் ஒவ்வொரு ஆணியையும் இரண்டு தரம் இறுக்கினாள். றயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினாள். மண்ணைப் பிடிக்கட்டும் என்று சூட்டுக் கத்தியால் றயரில் மெல்லிய கீறல்கள் போட்டாள். தியாகலிங்கம் தேசிக்காயோடு வந்தான். றயரில் ஈரம் படக்கூடாது என்று அவனைக் கலைத்துவிட்டாள். அந்த நாலும் பிறகு என் ஊறுகாய்க்கு வந்தன.

பெரிய ஓட்டம் இருபது சுற்று, பதினாறு கார். கொடி விழுந்ததும் தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"அக்கா, கவிண்டிட்டாளோ?"

"இல்லை."

அடுத்த வளைவில் கார் சாய்ந்தது. எனக்கே மூத்திரம் முட்டியது.

"இப்ப?"

"இன்னும் இல்லை. வாயை மூடு."

அவள் பெற்றோலை மிதிக்கவே இல்லை, தடவினாள். சனவரி மாதம் பாலத்தில் பனி உறைந்து கிடக்கிற நேரம் அவளோடு லொறியில் போயிருக்கிறேன். அதே கால்தான். பனியில் அவளுடைய கால் கெட்டிக்காரி. மண்ணில் மட்டும் அதை ஏன் மறந்தாளோ. அவசரப்பட்டு மிதித்தவர்கள் ஒவ்வொருவராகச் சுழன்று புல்லுக்குப் போனார்கள். இவள் அவர்களை விலத்தினாள். பத்தாம் சுற்றில் ஒன்பதாவது. பதினேழாம் சுற்றில் அந்தச் சிவப்புக் காருக்குப் பின்னால். அவனை விலத்தவில்லை. அவ்வளவுக்கு அவள் இன்னும் வரவில்லை. ஆறாவதாக முடித்தாள்.

"முடிச்சிட்டாள், கண்ணைத் திற" என்றேன். திறந்தவன் அழுதான். காருக்கா, பெண்சாதிக்கா, மூலத்துக்கா என்று நான் கேட்கவில்லை.

யோகராணி காரால் இறங்கி முதலில் அன்டனிடம்தான் போனாள். "டிரெயிலரை வெறுமையாக் கொண்டு போ. ஈயம் தூக்கினதுக்கு நன்றி" என்றாள். அவன் மிச்சம் இருந்த மூன்று ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டு வாசலில் இறங்கும்போது தியாகலிங்கம், வாற வருசம் எத்தனை ஓட்டம் என்று கேட்டான். பன்னிரண்டு என்றாள். அந்தப் பலகை வாங்கிலையோ என்றான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து லவாலுக்குப் போய், வாங்கில் போட்டுக் குந்துகிற தடித்த மெத்தை இரண்டு வாங்கி வந்தாள். ஒன்று அவனுக்கு, மற்றது எனக்கு. இரண்டும் சேர்த்து முப்பத்தெட்டு டொலர், வரி புறம்பு.