பரீ லைட்டு

இரண்டு பழைய ஃபிலிம் கேமராக்களை மேசைமேல் வைத்துக்கொண்டு எது உசத்தி என்று ஒருவர் விடாமல் பேசும் வீடியோவை மருமகன் அனுப்பியிருந்தார். இரண்டுமே அகல ரோல் போடுகிற ரகம். ஒன்று எட்டுப் படம் எடுக்கும், மற்றது பன்னிரண்டு. மனிதர் லென்ஸைப் பற்றி உருகு உருகென்று உருகுகிறார். நானோ ரோலைச் சுற்றும் அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று உங்களிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஓசூரில் லேத் பட்டறையில் இருந்தபோது உடன் வேலை பார்த்த சலீமிடம் எட்டுப் பட கேமரா ஒன்று இருந்தது. இழுத்தால் துருத்தி நீளும். மழையில் நனைந்து காய்ந்த செருப்பு வாசனை அடிக்கும். உள்ளே பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரிவார், வளையத்தைத் திருகி ஒன்றாக்க வேண்டும். ஞாயிறுகளில் இரவல் வாங்கிவந்து என் மனைவி செல்வியிடம் பீற்றிக்கொள்வேன். ரோல் இல்லாமல்தான், ரோலுக்கு எங்கே போவது? ஒரு படம் எடுத்ததும் சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால் அடுத்த படம் அதன்மேலேயே விழும் என்று பாடமே நடத்தினேன். அவளும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருந்த என் மாமா வீட்டில் கல்யாணம் வந்தது. எங்கள் கைக்குழந்தையை அதுவரை ஒரு படம்கூட எடுத்ததில்லை. அந்த மேடையில் எடுத்துவிடுவது என்பது செல்வியின் திட்டம். புது மஞ்சள் கவுன் கசங்காமலிருக்க, பஸ்ஸில் வழியெல்லாம் குழந்தையை மடியில் நிற்கவைத்தே கொண்டுவந்தாள்.

போட்டோக்காரர் கன்னடக்காரர், கையில் பன்னிரண்டு பட கேமரா. நாங்கள் மேடையேறியதும் மாமா அவர் பக்கம் குனிந்து, "பரீ லைட்டு ஹாக்கி" என்றார். வெறும் வெளிச்சம் அடி, படம் வேண்டாம் என்று அர்த்தம். வேண்டாத சொந்தக்காரர்களுக்கு அன்று நடந்த மரியாதை அது: ப்ளாஷ் மட்டும் மின்னும், ரோல் செலவாகாது. எனக்குப் புரியாதாம்! பட்டறையில் பாதிப்பேர் கன்னடம்தான் பேசுவார்கள். செல்வி சேலத்துக்காரி, அவளுக்குப் புரியாது. அந்த ஆறுதலில் இறங்காமல் நின்றேன். சிரிக்கவும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன். அவள் குழந்தையின் தாடையைப் பிடித்து கேமரா பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, முன்னாடி நின்னவங்களுக்கெல்லாம் சுத்துனாரு. நமக்குச் சுத்தவே இல்லீங்களே?"

கன்னடம் தெரியாவிட்டால் என்ன, நான் நடத்திய பாடம் தெரியுமே. "அது புது ரகம் செல்வி, சில நேரம் தானாவே சுத்திக்கும்" என்றேன். அவள் சரி என்றாள். குழந்தையின் கவுனைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். ஆல்பம் வந்துவிட்டதா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

சலீமின் கேமரா காயலான் கடைக்குப் போய்விட்டது. ரோல் கழுவிய ஸ்டுடியோக்கள் போயின. யாரை எடுத்தாலும் செலவில்லை என்றானதும் வெறும் வெளிச்சமும் ஒழிந்தது. ஆனால் செல்வியை மேடையில் பார்க்க முடியாது. எங்கள் மகளின் கல்யாண ஆல்பத்திலேயே பெரும்பாலும் அவள் முதுகுதான் இருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் கேமராக்காரர் எங்களை வருந்தி வருந்திக் கூப்பிட்டார். எல்லாக் கல்யாணத்திலும் சொல்வதையே சொல்லிவிட்டு அவள் நகர்ந்தாள்.

"நீங்க போய் நில்லுங்க. நான் பந்தியில எடம் புடிக்கிறேன்."