இதரத்தில் சேராத மேளம்

அன்று கோயில் ஆபீசில் இருந்தது நான்கு பேர்: கணக்குப்பிள்ளை, கிளாரினெட்காரர், செண்டைக்காரர், அவர்களைத் திருவிழாவுக்குக் கூட்டிவந்த நான். கூலிக்காக மூன்றாம் தடவையாகப் போயிருந்தோம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆபீஸ் என்றாலே எனக்குப் பயம்.

கணக்குப்பிள்ளை மெலிந்த மனிதர். யோசனை வந்தால் பேனாவைக் காதில் செருகுவார், எடுப்பார், மறுபடி செருகுவார். கூலிப் பேரேட்டில் நாகஸ்வரம், பாண்டு வாத்தியம், நையாண்டி மேளம், இதரம் என்று நாலே தலைப்பு.

"நாகஸ்வரம் இல்ல. பாண்டுன்னா செண்டை எதுக்கு? நையாண்டின்னா, கிளாரினெட்டு ராகம்லா பாடுது! எதுல எழுத?"

"இதரம்னு எழுதிப்போடுங்க அண்ணாச்சி. பஸ்சு போயிரும்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது.

"இதரத்துல வெளக்குமாறும் திரிநூலும் கெடக்கு வே. நாலு நாளும் கண்ணு நெறஞ்சு கேட்டவன் நான். இவங்கள அதுல எழுத எனக்குக் கை வராது."

"வெளக்குமாத்துக்கு உடனே ரூவா குடுத்திருப்பாவ, என்னா?" என்று செண்டைக்காரர் கிளாரினெட்காரரிடம் முணுமுணுத்தார்.

பேனா மறுபடி காதுக்குப் போயிற்று.

பஸ்சுக்குக் காசில்லாமல் தக்கலை வரை நடந்தோம். எங்கள் மேளத்தை அந்த மனிதர் அளவுக்கு மதித்தவர் வேறு யாருமில்லை. கூலி முப்பத்தைந்து ரூபாய் இன்னும் வரவில்லை.