உயிரோடு இருந்த மத்தியானம்

மஸ்கெலியா பஸ் விபத்தைச் செபமாலை பிழையாக எழுதிவிட்டார் என்று ஹட்டன் கடைத்தெருவில் இன்னும் சொல்கிறார்கள். ஐந்து பேர் இறந்ததாக வானொலி சொன்னது. அவருடைய பத்திரிகையில் மறுநாள் நான்கு என்று வந்தது. இறந்தவர்கள் ஐந்து பேர்தான். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

செபமாலைக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ. அடையாள அட்டைக்கும் கல்யாணத்துக்கும் படம் எடுப்பார். கொழும்பிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு அவர்தான் ஹட்டன் நிருபர். நான் பட்டம் முடித்து ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த காலம் அது. இவ்வளவு படித்தவன் பகலில் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சும்மா இருப்பதா என்ற கூச்சத்தில் அவருடைய கடையில் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு மரணத்தை எழுதுவதென்றால் அவர் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். மற்ற நிருபர்கள் சிரிப்பார்கள். “சவம் எந்திரிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் நம்ம செபமாலை எழுதுவாரு.”

இரண்டாயிரத்து ஆறில், மழை விடாத ஒரு காலையில், மஸ்கெலியாவிலிருந்து வந்த தனியார் பஸ் வளைவில் சறுக்கித் தேயிலைக்குள் உருண்டது. பஸ்ஸுக்கு அருகில் கிடந்த அடையாள அட்டையை எடுத்த யாரோ ஒருவர் வானொலிக்கு அழைத்துப் பெயரைச் சொல்லியிருக்கிறார். இறந்த ஐவரில் ஒருவர் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்து அழகுமுத்து என்று பாட்டை நிறுத்திவிட்டு அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே குறுஞ்செய்தியாகக் கைத்தொலைபேசிகளில் ஓடியது. எனக்கும் வந்தது. நானும் நம்பினேன். பெயரோடு சொல்லும்போது எப்படி நம்பாமல் இருப்பது?

செபமாலை வைத்தியசாலைக்குப் போனார். பிரேத அறையில் நான்கு உடல்கள்தான் இருந்தன. ஐந்தாவது எங்கே என்று தாதியிடம் சிங்களத்தில் கேட்டிருக்கிறார். அவள் வார்டைக் காட்டினாள். அங்கே தலையிலும் நெஞ்சிலும் கட்டுப் போட்ட ஒரு மனிதர் கிடந்தார். பேர் என்ன என்று கேட்டதும் அழகுமுத்து என்று சொன்னார். பிறகு, “வீட்டுல சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார்.

செபமாலை வெளியே ஓடிவந்து வானொலிக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் எடுத்த பெண் மரியாதையாகப் பேசினாள். உறுதிப்படுத்திக்கொண்டு சொல்கிறோம் என்றாள். அவர் அதை என்னிடம் சொன்னபோது கோபப்படவில்லை. சாகடிப்பதற்கு அவர்களுக்கு ஒரு அழைப்பு போதுமாக இருந்தது, உயிரோடு இருப்பதற்குத்தான் உறுதி வேண்டியிருக்கிறது என்றார். அழகுமுத்துவின் தோட்டத்து அலுவலகமான கந்தோருக்கும் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாவு விழுந்தால் தோட்டத்தில் வேலை நின்றுவிடும். கணக்குப்பிள்ளையும் துக்க வீட்டுக்குப் போயிருப்பார்.

நான்கு பேர் இறந்தார்கள், ஒருவர் கவலைக்கிடம் என்று ஒரு தாளில் எழுதி, பத்திரிகைக்குத் தொலைநகலில் அனுப்பும்படி என்னிடம் தந்துவிட்டு, அவர் மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினார்.

அடிபட்டுவிட்டார் என்று கேட்டிருந்தால் அழகுமுத்துவின் லயமே லொறி பிடித்து வைத்தியசாலைக்கு ஓடியிருக்கும். செத்துவிட்டார் என்று கேட்டதால் யாரும் ஓடவில்லை. பரிசோதனை முடித்து உடலைத் தர எப்படியும் மறுநாள் ஆகும் என்று தெரியும். கொட்டகை போட்டார்கள். சாவுக்குத் தப்பு மேளம் அடித்தார்கள். உடலை ஏற்றிவர மறுநாளைக்கு வேன் பேசினார்கள். செபமாலை போய்ச் சேர்ந்தபோது அழகுமுத்துவின் மனைவி காளியாயி பெண்களின் நடுவில் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

தோட்டத் தலைவர் மூக்கனைத் தனியாகக் கூப்பிட்டு அவர் விஷயத்தைச் சொன்னார். மூக்கன் நம்பவில்லை. ரேடியோவில் பேரோடு சொன்னார்களே என்றார். தப்பு அடித்த பிறகு இப்படி வந்து பேசலாமா என்று கடிந்துகொண்டார். அந்தப் பேச்சு காளியாயியின் காதில் விழுந்துவிட்டது.

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்க்கா. பேசுனாரு.”

“என்னா பேசுனாரு?”

“வீட்டுல சொல்லிட்டீங்களான்னு கேட்டாரு.”

அவள் எழுந்துவிட்டாள். சாவு வீட்டில் உட்கார்ந்தவள் படி தாண்டக் கூடாது என்று பெண்கள் பிடித்தார்கள். பிடித்த கைகளைத் தள்ளிவிட்டு மழையில் இறங்கினாள். பேசி வைத்திருந்த வேன் கினிகத்தேனையிலிருந்து மறுநாள்தான் வரும். பஸ்ஸில்தான் போனார்கள். விபத்து நடந்த வளைவில் பாதையை மறித்துப் பஸ்ஸை மேலே இழுத்துக்கொண்டிருந்ததால் அங்கே வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. அவள் இறங்கி நடக்கப் பார்த்ததாகவும், தான்தான் தடுத்ததாகவும் செபமாலை சொன்னார்.

வார்டுக்குப் போனபோது அந்தக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை அந்த வானொலி, இறந்தவர்கள் ஐவர் என்று தாங்களே முதலில் அறிவித்ததாக நினைவூட்டியது. அதற்குள் அச்சுக்குப் போய்விட்டிருந்த பத்திரிகை மறுநாள் நான்கு என்று வந்தது. வானொலி காலையில் சொன்னபோது அந்த மனிதர் உயிரோடு இருந்தார் என்று செபமாலை ஒரு திருத்தம் எழுதி அனுப்பினார். ஆசிரியர் பீடத்தில் அவரை ஏசவில்லை. வானொலி சொன்ன கணக்கு இப்போது சரியாகத்தானே இருக்கிறது, இனி எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அது வெளிவரவில்லை.

கருமாதி முடிந்து சில நாட்களில் காளியாயி ஸ்டூடியோவுக்கு வந்தாள். அழகுமுத்துவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் தர வேண்டும் என்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“நீங்க வந்து சொல்லாட்டி ஒரு தடவையோட அழுது முடிச்சிருப்பேன் தம்பி” என்றாள். குறை சொல்லும் குரல் அல்ல அது. களைத்துப் போயிருந்தாள்.

செபமாலை அவள் நீட்டிய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்.

“வேற ஒண்ணும் பேசலையா அவரு?”

“இல்லக்கா.”

“எம்பேரு, புள்ளைங்க பேரு… ஒண்ணும் சொல்லலையா?”

நானாக இருந்தால் ஒரு வார்த்தையைச் சேர்த்திருப்பேன். யாருக்கும் நட்டம் வராத ஒரு வார்த்தை. அது தவறா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

“அது ஒண்ணுதான்க்கா கேட்டாரு. நான் ஓடி வந்துட்டேன், உங்களுக்குச் சொல்ல.”

அவள் தலையசைத்தாள். படம் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றார்.