கிறவல் பாதையும் பதினொரு நிமிடங்களும்

மொன்றியலுக்கு வந்த பிறகு நாங்கள் போன விடுமுறைகளை ஒரு சனிக்கிழமை என் மனைவி விரல் மடக்கி எண்ணினாள். ரொறொன்ரோவில் இரண்டு கலியாணம், ஒரு சாமத்தியவீடு, ஒரு அந்தியேட்டி. லண்டனில் என் சித்தப்பாவின் அறுபதாம் கலியாணம். பாரிசில் பெரியம்மாவின் செத்தவீடு. நயாகரா நான்கு தடவை. நான்கு தடவையும் வேறு யாரோ வீட்டு விருந்தாளிகளுக்கு அருவியைக் காட்டப் போனோம். அருவியை நாங்கள் பார்த்தோமா என்பது இருவருக்கும் நினைவில்லை.

"எனக்கு ஒரு கிழமை வேணும்," என்றாள். "சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஒரு கிழமை. நான் ஆருக்கும் தேத்தண்ணி போடக்கூடாது. ஆரும் எனக்குத் தேத்தண்ணி போடவும் கூடாது."

இரண்டாயிரத்தின் முதல் பத்து வருடங்களுக்குள் எங்கோ இது நடந்தது. அவள் சென்ட் லோரன்டில் ஒரு கார்டரியில் பிள்ளைகள் பார்க்கும் வேலை செய்துகொண்டிருந்தாள். கூட வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரி அவளுக்கு ஒரு பிரசுரம் கொடுத்திருந்தாள். ஸ்பெயினின் கற்றலோனியாவில், மலையிலிருந்து மத்தியதரைக் கடல்வரை ஒரு பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைக் கிளப்பிவிட்டுச் சரளைக்கல் கிறவல் போட்டிருக்கிறார்கள். சைக்கிள் மட்டும் ஓடலாம். படத்தில் ஹெல்மெட் போட்ட ஒரு கிழவனும் கிழவியும் பைன் மரங்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பதற்கான காரணம் பிரசுரத்தில் சொல்லப்படவில்லை.

"ஒரு வாகனமும் வராதாம்," என்று அந்த வரியில் விரலை வைத்தாள். அவள் மனதில் வாகனம் என்றால் என்ன என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நான் உடனே சம்மதித்தேன். சைக்கிள் விஷயத்தில் எனக்கு ஒரு திமிர் உண்டு. நான் யாழ்ப்பாணத்தான். பள்ளிக்கூடம், ரியூஷன், ஒருதலைக் காதல் எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போய் வந்தவன். ஆனால் ஒரு சின்ன விவரத்தை எங்கள் ஆட்கள் சொல்வதில்லை. யாழ்ப்பாணம் சாப்பாட்டுத் தட்டுப் போலத் தட்டையானது. அங்கே ஆக உயரமான இடம் கோயில் கோபுரம். அதில் யாரும் சைக்கிள் ஓடுவதில்லை.

பழகுவதற்காக மொன் றோயலுக்குப் போனோம். அந்த மலையிலும் கார் போகாத ஒரு கிறவல் பாதை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. நான் ஆகக் கடினமான கியரைப் போட்டு எழுந்து நின்று மிதித்தேன். இலேசான கியரில் கால் மட்டும் காற்றாடிபோலச் சுற்றும், சைக்கிள் ஆடி ஆடிப் போகும். அது சர்க்கஸ்காரன் ஓடும் முறை என்பது என் கட்சி. இரண்டாம் வளைவில் குழந்தையை வண்டிலில் தள்ளிக்கொண்டு ஓடிவந்த ஒரு பெண் என்னைக் கடந்துபோய், திரும்பிப் பார்த்து, "போன் குராஜ், மிஸ்யூ!" என்று எனக்குத் தைரியம் சொன்னாள். என் மனைவி மேலே ஒரு வாங்கில் இருந்து அப்பிள் தின்றுகொண்டிருந்தாள்.

"கியரை இறக்குங்கோவன்."

"எனக்கு அது பழக்கமில்லை."

"மலையும் பழக்கமில்லைத்தானே."

விமான ரிக்கற் பாரிஸ் வழியாகத்தான் கிடைத்தது. பாரிஸ் விமான நிலையத்தில் நான்கு மணித்தியாலம் இருக்க வேண்டும். ரிக்கற் கைக்கு வந்த அன்றே அவள் என்னை எதிரில் இருத்தினாள்.

"பாரிசில அண்ணைக்குச் சொல்லுறேல்லை. விளங்குதோ?"

"ஓம்."

"வாயைத் திறந்து சொல்லுங்கோ."

"சொல்லமாட்டன்."

அண்ணை என்பது என் பெரியம்மாவின் மகன். பாரிசுக்கு வெளியே ஒன்பது பேர் ஏறக்கூடிய ஒரு வெள்ளை வான் வைத்திருந்தார். ஐரோப்பாவின் எந்த மூலையில் எங்கள் ஆட்களுடைய நல்லது கெட்டது நடந்தாலும் மண்டபம் திறக்கும் முன்னரே அந்த வான் வாசலில் நிற்கும். பாரிசில் கால் வைத்துவிட்டு அவருக்குச் சொல்லாமல் போவது எங்கள் குடும்பத்தில் சொத்து வழக்குக்குச் சமானம். அப்படியிருந்தும் நான் வாக்கைக் காப்பாற்றியிருப்பேன். என்னைக் கெடுத்தது ரெலிபோன் கார்ட்.

அந்தக் காலத்தில் ஊருக்குக் கதைப்பதென்றால் டெபனர் என்கிற மூலைக்கடையில் கார்ட் வாங்கி, அதைச் சுரண்டி, பதின்மூன்று இலக்கம் அழுத்த வேண்டும். பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அம்மாவுடன் கதைத்துக்கொண்டிருந்தேன், லைன் அறுந்தது. திரும்ப எடுத்தால் ஊர் கிடைக்கவில்லை. கார்டுக்குள் இருக்கும் பெண்மணி மட்டும் தெளிவாகச் சொன்னாள்: இன்னும் பதினொரு நிமிடங்கள் உண்டு.

மற்ற இனத்தவர்கள் இந்த இடத்தில் ரிசீவரை வைத்துவிட்டுப் போய் ரிவி பார்ப்பார்கள். நாங்கள் அப்படியல்ல. அந்தக் கார்டுகள் விடிவதற்குள் தங்கள் நிமிடங்களைத் தாங்களே தின்றுவிடும் என்பது ஊரறிந்த விஷயம். பதினொரு நிமிடத்தைச் சும்மா சாகவிட எனக்கு மனம் வரவில்லை. பார்க்காமல் அழுத்தக்கூடிய வெளிநாட்டு இலக்கம் எனக்கு இன்னும் ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

ஒன்பது நிமிடம் பிரஷர், சுகர், முழங்கால் என்று நல்லபடியாகவே போனது. பத்தாவது நிமிடத்தில் அண்ணை கேட்டார்.

"இந்த வருசம் இஞ்சாலப் பக்கம் வாற எண்ணமில்லையோ?"

இல்லை என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். நான் புத்திசாலித்தனமாக, "வந்தாலும் எயர்போட்டுக்கு வெளியில வரமாட்டம் அண்ணை," என்றேன்.

பதினோராவது நிமிடத்தில் ஊர், திகதி, பாதை எல்லாவற்றையும் பல் பிடுங்குவதுபோலப் பிடுங்கிவிட்டார். தயவுசெய்து வராதேங்கோ என்று சொல்ல நான் வாயெடுத்தபோது கார்ட் முடிந்தது.

மனைவிக்கு நான் சொல்லவில்லை. அந்த இரண்டு கிழமையும் கேட்காமலே கோப்பைகள் கழுவினேன்.

பாரிஸ் விமான நிலையத்தில் நான்கு மணித்தியாலமும் ஒரு பிரெஞ்சுப் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன். யாரும் வரவில்லை. அண்ணைக்கும் வயதாகிவிட்டது என்று மனதை ஆற்றிக்கொண்டேன்.

முதல் நாள் பிரசுரத்தில் போட்டிருந்தபடியே இருந்தது. வாடகைச் சைக்கிளின் சக்கரத்தடியில் கிறவல் நறநறத்தது. ஒலிவ் மரங்கள், வெயிலில் காயும் பைன் வாசம், சாப்பாட்டுக் கடையாக மாறிவிட்ட ஒரு குட்டி ஸ்டேஷன். மனைவி முன்னால் போனாள். என்ன பாட்டு என்று பிடிபடாத ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடி நான் கேட்டு எத்தனையோ வருடங்கள்.

இரண்டாம் நாள் காலை, பாதை ஒரு தார் ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடத்தில் வெள்ளை வான் நின்றது. அண்ணை ரோட்டுக் கரையில், ரயில் கேற் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"டேய் தம்பி, வெக்கமில்லையோ உனக்கு? இவ்வளவு கிட்ட வந்திட்டு!"

கிட்ட என்பது பத்து மணித்தியால ஓட்டம். வானுக்குள் அவருடைய மனைவி, எங்கள் மச்சாள், வெள்ளித் தாள் மூடிய தட்டங்களோடு இருந்தார்.

மனைவி வானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எத்தினை நிமிசம் கதைச்சனீங்கள்?"

"பதினொண்டு."

மச்சாள் இறங்கி அவளுடைய கன்னத்தைத் தடவினார்.

"மெலிஞ்சு போனாய் பிள்ளை! ரோல்ஸ் இருக்கு, இடியப்பம் இருக்கு, கணவாய்க் கறி இருக்கு. முதல் இந்தத் தேத்தண்ணியைக் குடி."

அவள் குடித்தாள். அடுத்த குறுக்கு ரோட்டிலும் வான் நின்றது. அங்கே ரோல்ஸ். அதற்கடுத்ததிலும் நின்றது. அங்கே இடியப்பம். ஒரு கிலோமீட்டர் ஓட்டம், ஒரு சாப்பாடு என்று போனது. ஒவ்வொரு தடவையும் அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, சிரித்து, சாப்பிட்டு, நன்றி சொல்லி, ஹெல்மெட்டைப் போட்டாள். அந்த மரியாதை எனக்குப் பயமாக இருந்தது. என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

நான்காவது குறுக்கு ரோட்டில் அண்ணை அறிவித்தார். மச்சாளின் ஒன்றுவிட்ட தம்பி பார்சலோனாவில் இருக்கிறானாம். இன்றிலிருந்து எல்லோரும் அங்கேதான் தங்குவது. சொல்லியாயிற்று. மீன் வாங்கியாயிற்று.

"ஏறுங்கோ. சைக்கிளை மேல கட்டுவம். கனடாவில இருந்து பிளேனில வந்தோ சைக்கிள் ஓடுறது?"

மனைவி ஹாண்டிலில் கட்டியிருந்த வரைபடத்தை விரித்துச் சிறிது நேரம் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அந்த இடத்திலிருந்து ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனது. பாதை நேரே மலையேறி, இறங்கி, பதினாறு கிலோமீட்டர் எந்த ரோட்டையும் தொடாமல் கடலுக்குப் போனது.

"அத்தான், இந்தப் பாதைக்குள்ள வான் வரேலாதோ?"

"எங்க பிள்ளை, நடுவில தடி நட்டு வைச்சிருக்கிறாங்கள்."

"ஐயோ," என்றாள். அவ்வளவு இனிமையான ஐயோவை நான் கேட்டதில்லை. இரண்டு ரோல்ஸை ஒரு தாளில் சுற்றிப் பையில் வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் அண்ணையோட இருந்து கதையுங்கோ. இப்ப நிமிசம் எண்ணத் தேவையில்லை."

கியரை இறக்கினாள். கால்கள் காற்றாடிபோலச் சுற்ற, ஆடி ஆடி, மலையில் ஏறத் தொடங்கினாள்.

நான் பின்னால் விரட்டினேன். பழக்கமான கியரில், எழுந்து நின்று. முந்நூறு மீற்றர் வந்திருப்பேன். பின்சக்கரம் கிறவலில் சறுக்கியது. இறங்கிவிட்டேன். அவள் முதல் வளைவில் மறைந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. கீழேயிருந்து அண்ணையின் குரல் கேட்டது.

"விட்டிட்டு வாடா! கணவாய் ஆறுது!"

வானில் கடற்கரைக்குப் போய்க் காத்திருந்தோம். மூன்று மணித்தியாலம் கழித்து, முழங்கால்வரை செம்மண் தூசியோடு வந்தாள். ரோல்ஸ் தாள் வெறுமையாக இருந்தது. பார்சலோனாவுக்கு வந்து, மீன் குழம்பை மெச்சி, எல்லோரோடும் சிரித்துக் கதைத்தாள். அண்ணை ஒரு கிழமை லீவு போட்டு வந்திருந்தார். மிச்ச நாட்களிலும் காலையில் பாதையில் இறக்கிவிடும்படி அவரிடமே கேட்டாள். அவரும் பெருமையோடு இறக்கிவிட்டார். நான் குடும்பப் பிரதிநிதியாக வானில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். அந்தக் கிழமையில் எனக்கு ஐந்து இறாத்தல் எடை ஏறியது.

திரும்பி வரும் விமானத்தில் கேட்டேன். "அந்தப் பதினாறு கிலோமீட்டரும் எப்பிடி இருந்தது?"

"நல்லா இருந்தது."

"என்ன இருந்தது?"

"பாதை இருந்தது."

"நானாவது வந்திருக்கலாம். நடந்தாவது வந்திருப்பன். ஒரு பத்து நிமிசம் நிண்டிருக்கலாமே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள்.

"நீங்களும் சொந்தக்காரர்தானே," என்றாள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே ரொறொன்ரோவிலிருந்து மச்சான் ஒருவர் ரெலிபோன் எடுத்தார். அண்ணை அதற்குள் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். மனைவி ரிசீவரை என் கையில் தந்துவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு மொன் றோயலுக்குப் புறப்பட்டாள்.

"பாதை எப்பிடி மச்சான்?" என்று கேட்டார்.

"நல்ல கிறவல்," என்றேன். அந்த மலையில் முந்நூறு மீற்றர்வரை அது உண்மை.