அருளப்பனின் பெயருக்கு நான் கொடுத்த குரல்

நான் ஒரு குரல் கொடுத்தேன். அது என் குரல் அல்ல. அதை நம்பி எங்கள் கூட்டம் முழுவதும் மலையிலிருந்து இறங்கியது. என் தோழன் அருளப்பன் மட்டும் மேலே, கல்லுக்கடியில், உயிரோடு கிடந்தான்.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ராயபுரத்துக் கோயிலில், ஈஸ்டருக்கு முந்தின ஒவ்வொரு தபசு காலத்திலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் மண்டியிடுகிறேன். குடித்ததைச் சொல்கிறேன், கோபப்பட்டதைச் சொல்கிறேன். "பொய் சொன்னேன் சுவாமி, எத்தனை முறை என்று நினைவில்லை" என்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இதையும் திணித்துவிடலாம் என்று பார்க்கிறேன்... அது அடங்க மறுக்கிறது.

முகம் தெரியாத உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்களால் எனக்குப் பாவமன்னிப்புத் தர முடியாது. அதனால்தானோ என்னவோ.

நாங்கள் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள். பதினான்கு பேர் கொண்ட கேங்கு. காலை ஏழு மணிக்கு வாசலில் எங்கள் தொம்மை மேஸ்திரி பெயர் கூப்பிடுவார். பக்கத்தில் ஒரு குமாஸ்தா நின்று, பதில் வந்த பெயருக்கெல்லாம் கோடு போடுவார். தலையைத் தூக்கிப் பார்க்க அவருக்குச் சோம்பல். பதில் வந்தால் ஆள் வந்ததாகக் கணக்கு.

இதில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வரத் தாமதமானால் அவன் கூட்டாளி அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துவிடுவான். அருளப்பனும் நானும் அப்படித்தான் பன்னிரண்டு வருஷம் ஓட்டினோம். என் மகள் பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வாசலில் எனக்காகக் குரல் கொடுத்தவன் அவன்தான். அவனுக்குச் சற்றே உடைந்த குரல். "கீறேன் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு சின்ன இருமல் இருமுவான். அந்த இருமலைக்கூட நான் விட்டதில்லை. அவன் பெண்டாட்டி சகாயமேரியின் முன்னால் நாங்கள் மாற்றி மாற்றிப் பேசிக் காட்டுவோம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

தொம்மை மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும். கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

வருஷத்துக்கு ஒரு முறை, தபசு காலத்தில், இதே மேஸ்திரி எங்களையெல்லாம் ஒரு மலைக்கு அழைத்துப் போவார். ஊத்துக்கோட்டையைத் தாண்டி, ஆந்திர எல்லையோரம் இருக்கிற மலை. உச்சியில் ஒரு இரும்புச் சிலுவை. வெறுங்காலோடு, செபம் சொல்லிக்கொண்டு ஏற வேண்டும். "கப்பல்ல ஏறிக்கினு எறங்கிக்கினு கீறது பத்தலியா நைனா?" என்று மற்ற கேங்குக்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் வருஷம் முழுவதும் கடலையும் கப்பலின் வயிற்றையும் மட்டுமே பார்க்கிற எங்களுக்கு, அந்த ஒரு நாள் மட்டும் உலகம் உயரமாக இருந்தது.

மேஸ்திரிக்கு மலையில் ஒரு கண்டிப்பு உண்டு. அடிவாரம் திரும்பும் வரை பீடி கூடாது. மீறினால் அடுத்த வருஷம் வரக் கூடாது. அருளப்பனுக்கோ ஒரு மணி நேரம் பீடி இல்லாமல் இருக்க முடியாது!

அன்று நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். மாலை நான்கு மணி இருக்கும். அருளப்பன் என் தோளைத் தொட்டு, இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினான்.

"நீ நட மாமு. நான் அப்பால வரேன்."

நான் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிராது. குரங்குகள் ஒரே சமயத்தில் கத்தின. காலுக்கடியில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று போவதுபோல் இருந்தது. மலையில் ஏது லாரி என்று யோசிப்பதற்குள் நான் தரையில் கிடந்தேன். பூமி குலுங்கியது. எங்களுக்குப் பின்னால் மலையின் ஒரு பக்கமே சரிந்து வந்தது.

சத்தம் அடங்கியபோது எதிரில் ஒன்றும் தெரியவில்லை. புழுதி. பக்கத்திலிருப்பவன் முகம்கூடத் தெரியாத புழுதி. மேலே இன்னும் கற்கள் உருண்டுகொண்டிருந்தன. யாரோ அழுதார்கள். அப்போது மேஸ்திரியின் குரல் கேட்டது. வேறு என்ன செய்வார் அவர்? தினமும் செய்வதையே செய்தார். பெயர் கூப்பிட்டார்.

ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள்.

"அருளப்பா."

பதில் இல்லை.

"அருளப்பா..."

"கீறேன் மேஸ்திரி." சொன்னது நான். அவன் குரலில். இருமல் உள்பட.

அடுத்த மூச்சில் "சூசை" என்றார். என் குரலில் "கீறேன்" என்றேன்.

பதினான்கும் சரியாக இருந்தது. இறங்கினோம்.

பழக்கம் என்று வெகு நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பின்னால் எங்கேயோ பீடி குடித்துக்கொண்டிருக்கிறான், மேஸ்திரியிடம் மாட்டிக்கொள்ளப் போகிறான், காப்பாற்றலாம் என்று நாக்கு தானாகப் புரண்டுவிட்டதாக... அதில் பாதி உண்மை. மறு பாதியை இப்போது எழுதுகிறேன். ஓர் ஆள் குறைந்தால் மேஸ்திரி எங்களை நகர விடமாட்டார். அந்தக் கல் மழைக்குள் தேடச் சொல்வார். என் கால்கள் கீழே போகத் துடித்தன. எனக்குப் பயம். என் நாக்கைப் புரட்டியது எது, நட்பா பயமா? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். பயம் என்றுதான் பதில் வருகிறது.

அடிவாரத்து ஊரில் முகங்கள் தெரிந்தன. பதின்மூன்று. மேஸ்திரி திரும்பி ஓடினார். கற்கள் இன்னும் விழுகின்றன என்று ஊர்க்காரர்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. வந்துவிடுவான், இப்போது வந்துவிடுவான் என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் உடலைக் கண்டெடுத்தோம். பெயர் கூப்பிட்ட இடத்திலிருந்து நூறு அடி இருக்காது. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே பாறைக்குள் போயிருந்தது. முழங்காலுக்கு மேலே தன் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். மூட்டை கட்டும்போது நாங்கள் போடுகிற அதே முடிச்சு. ஒரு கைதான் விடுபட்டிருந்தது. பல்லால் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்.

செத்தவன் முடிச்சுப் போடமாட்டான். நாங்கள் இறங்கும்போது அவன் உயிரோடு இருந்தான்.

நூறு அடி... மேஸ்திரி கூப்பிட்டது அவன் காதில் விழுந்திருக்குமா? பதில் சொல்ல மூச்சைத் திரட்டியிருப்பானா? அதற்குள் தன் குரலிலேயே வேறொருவன் பதில் சொன்னதையும் கேட்டிருப்பானா? நான் இதைத் தாண்டி யோசித்ததில்லை. முடியவில்லை.

கேங்கு உடைந்தது. கை முறிந்த ஒருவன் வேலையை விட்டான். இரண்டு பேர் பெரம்பூர் ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூட்டை தூக்கினோம். அருளப்பன் பதில் சொன்னதைக் கேட்டோம் என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். பிறகு, கேட்ட மாதிரி இருந்தது என்றார்கள். கடைசியில் கேட்கவே இல்லை, மேஸ்திரிதான் பதற்றத்தில் கோட்டை விட்டுவிட்டார் என்றார்கள்.

மேஸ்திரி ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"ஆர்பர் வாசல்ல அவன் பேருக்கு சொல்றாப்பல... அன்னிக்கு நீ எதுனா சொன்னியா சூசை?"

"இல்ல மேஸ்திரி. மாதா மேல சத்தியமா இல்ல."

அவர் தலையை ஆட்டினார். "மலையில எவன் அப்டி செய்வான்? எனக்குத்தான் காது பேஜாராய்ட்ச்சு" என்றார். மறுநாள் முதல் அவர் பெயர் கூப்பிடவில்லை. குமாஸ்தாவே கூப்பிட்டார். மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு, கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்க்காமல் கடலோரம் உட்கார்ந்திருந்தார். யார் எதைச் சொன்னாலும் இரண்டு முறை கேட்பார். தன் காதை அவர் நம்பவில்லை. ஒரு வார்த்தையில் அவரை மீட்டிருக்கலாம் நான். மீட்கவில்லை.

இரண்டு தபசு காலம் யாரும் மலைக்குப் போகவில்லை. மூன்றாம் வருஷம் சகாயமேரி துறைமுக வாசலுக்கு வந்தாள். காத்திவாக்கத்தில் தாய் வீட்டில் இருந்தாள். கழிமுகத்தில் இறால் பிடித்துப் பிழைப்பு. கையெல்லாம் முள் கீறல்.

"மலைக்குப் போங்க" என்றாள். "அவரு பேரை யாரும் வாயிலேயே எடுக்க மாட்டேன்றீங்க. எனக்கு அதான் தாங்கல. அங்க போய் ஒரு தபா அவரு பேரைக் கூப்புடுங்க. நானும் வரேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். "அவரு பேருக்கு நீ சொல்லு சூசண்ணா. அவரு வர்லன்னா நீதான சொல்லுவ? அவரு கொரல்லயே சொல்லு. ஒரே ஒரு தபா கேட்டுக்கறேன்."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

போனோம். பெரம்பூர் போன இருவரும் வந்தார்கள், மேஸ்திரியும் வந்தார். கழித்துப் போட்ட கப்பல் கயிற்றை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், சரிந்த பாதை நெடுகக் கைப்பிடியாகக் கட்டினோம். அடிவாரத்து ஊர்க்காரர்கள் கடப்பாரையோடு வந்து கல் புரட்டினார்கள். இரண்டு நாள் வேலை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எங்களில் ஒருவன் இன்னொருவனைக் கிண்டல் செய்தான், மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி செய்தேன்.

அந்த இடத்துக்கு வந்ததும் சகாயமேரி மேஸ்திரியின் முன் நின்றாள். "நீயே கூப்புடு மேஸ்திரி."

அவர் மாட்டேன் என்று தலையசைத்தார். அவள் நகரவில்லை. கடைசியில் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயரிலும் குரல் நடுங்கியது.

"அருளப்பா."

"கீறேன் மேஸ்திரி." இருமினேன்.

சகாயமேரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேஸ்திரி மட்டும் என்னைப் பார்த்தார். காதை அடைத்திருந்த தண்ணீர் வெளியேறினவர்போல் ஒரு கணம் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்று புழுதிக்குள் கேட்டது அதே குரல்.

"சூசை" என்றார்.

நான் பாதையோரக் கயிற்றைப் பார்த்தேன்.

"சூசை." மறுபடி கூப்பிட்டார். நான் பதில் சொல்லும்வரை கண்ணை எடுக்காமல் நின்றார். "கீறேன்" என்றேன். அதற்கப்புறம் கடைசிப் பெயர்வரை அவர் குரல் நடுங்கவே இல்லை.

அடுத்த வாரமே மேஸ்திரி வேலைக்குத் திரும்பினார். வாசலில் நின்று பெயர் கூப்பிட்டார். மலை அவரைக் குணப்படுத்திவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. கேங்கில் புது ஆட்கள் சேர்ந்தார்கள். இப்போது முப்பது பேருக்கு மேல் மலை ஏறுகிறோம். வருஷா வருஷம் அந்த இடத்தில் அருளப்பன் பெயரைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. சகாயமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷமும் சொல்லுண்ணா" என்கிறாள்.

மேஸ்திரி என்னிடம் எதையும் கேட்டதில்லை. திட்டியதில்லை, காட்டிக்கொடுத்ததில்லை. அவளுக்காகவா? தெரியவில்லை. ஒரு முறையாவது அடித்திருக்கலாம். எத்தனையோ சாயங்காலம் அவர் வீட்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன்.

எனக்கு இப்போது கூட்டாளி கிடையாது. நானாக யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் ஒரு நாள் வராவிட்டால் என் பெயருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. மத்தியானச் சோற்றைக் கப்பலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தனியாகத் தின்கிறேன்.

நேற்றுக் காலை எனக்கு ஜலதோஷம். பெயர் கூப்பிட்டபோது குரல் கரகரத்தது. மேஸ்திரி கோடு போடும் குமாஸ்தாவை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். அந்த நாளுக்கப்புறம் அவராக என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை.

"தொண்டையைப் பாத்துக்கோ சூசை" என்றார். "மலைக்கு இன்னும் மூணு வாரந்தான் கீது."

பனங்கற்கண்டு வாங்கி வாயில் அடக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் கூப்பிடுவார். அவள் காத்திருப்பாள். நான் சொல்ல வேண்டும்.